உடையாத டேப்

ஒரே மாதத்தில் மூன்று டேப் உடைந்துவிட்டது. மூன்றையும் உடைத்தது ஒரே ஆள். அந்த ஆள் ஸ்டோர் அக்காவின் புருஷன்.

டேப் என்றால் தண்ணீர் பிடிக்கிற குழாய் அல்ல. இரும்பில் துளை போட்ட பிறகு, போல்ட் ஏறுவதற்காக அந்தத் துளையின் உள்சுவரில் மரை வெட்டுகிற கருவி. பார்வைக்குத் தடித்த போல்ட் போலவே இருக்கும். நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும், பள்ளத்தின் ஓரமெல்லாம் கத்தி. அதை ஒரு நீளமான கைப்பிடியின் நடுவில் மாட்டி, துளையின் வாயில் நிறுத்தி, இரண்டு கையாலும் ஒரே அழுத்தமாகத் திருப்ப வேண்டும். ஒரு கை ஓங்கி மறு கை தாழ்ந்தால் டேப் சாயும். சாய்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், தீக்குச்சி ஒடிந்ததுபோல. டேப் போனதோடு கதை முடிவதில்லை. உடைந்த துண்டு துளைக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அதைத் தோண்டி எடுக்க ஒரு டிரில்லும் ஆகாது. அதுவரை பாடுபட்டுச் செய்த பொருளும் கழிவுத் தொட்டிக்குப் போகும்.

அவருக்கு வலது மணிக்கட்டு சரியில்லை. போன வருடம் மழையில் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் எலும்பு முறிந்து, சேர்ந்த எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. குளிர்ந்த காலை வேளைகளில் டீ டம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்குவார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவர் நின்ற இடம் மரை வெட்டும் பெஞ்ச். வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

முதலாளி அவருடைய சித்தப்பா. வீட்டில் சித்தப்பா, பட்டறைக்குள் கால் வைத்தால் முதலாளி. மூன்றாவது டேப் உடைந்த அன்று முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. உடைந்த துண்டு உட்கார்ந்த இரும்புக் கட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இன்னொண்ணு உடைஞ்சா பெஞ்சுல வேற ஆளைப் போட்டுருவேன்பா. அண்ணன் மகன்னு பாத்துக்கிட்டே இருந்தா பட்டறை ஓடாது" என்றார்.

அண்ணன் மகன் "சரி" என்றார்.

அவருக்காகப் பேசியது ஸ்டோர் அக்காதான். பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. தன்னைவிடப் பத்து வயது பெரியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். கருவிகளை வாங்குவது, வைப்பது, கேட்டவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்குவது, செய்த பொருளை அளந்து பார்த்து வெளியே அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. கம்பிவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தால் ஒரு ஊசிகூடக் காணாமல் போகாது என்பார்கள். உடைந்த மூன்றும் மலிவுப் பெட்டியில் வந்த டேப்புகள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கத்தி ஓரம் எலி கடித்ததுபோல இருக்கிறது என்று அவள் முதலாளியிடம் எடுத்துச் சொன்னாள். பொய்யில்லை. நல்ல டேப்பாகத் தானே பார்த்து எடுத்துவரட்டுமா என்றும் கேட்டாள்.

முதலாளி யோசித்தார். "எடும்மா. விலையப் பத்தி நான் பேசல. ஆனா நீ பாத்து எடுத்ததும் உடைஞ்சா, அதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

இதைச் சொல்லும்போது அவள் புருஷன் பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் கருவிக் கடைத் தெருவுக்குப் போனாள். பையில் நான்கு சாமான்: பூதக்கண்ணாடி, உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு, ஒரு போல்ட், பட்டறையில் வெட்டுகிற அதே ரக இரும்பில் பதினாலு மில்லிமீட்டர் துளை நான்கு போட்ட ஒரு பட்டை. பதினாறு அளவு போல்ட்டுக்கு மரை வெட்டத் துளை பதினாலு இருக்கவேண்டும். மீதி இரண்டில்தான் மரையின் சதை இருக்கிறது. அது பட்டறையில் பாலபாடம்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருப்பவர். முதலில் மஞ்சளாக மின்னுகிற ஒரு செட்டை எடுத்துப் போட்டு, தங்கம் மாதிரி இருக்கிறது பாருங்கள் என்றார்.

"கழுத்துல போடவா வாங்குறேன்?" என்றாள் அவள். "மினுக்கு இல்லாததா எடுங்க."

அடுத்து வந்தவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தண்டில் எழுத்து மையால் அச்சடித்ததா, இரும்பிலேயே பொறித்ததா என்பது முதல் பார்வை. மையால் அச்சடித்ததை ஒதுக்கினாள். கைப்பிடி கவ்வுகிற சதுரத் தலையின் நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறதா என்பது இரண்டாவது. பிறகு கண்ணாடித் துண்டின் மேல் டேப்பை உருட்டிவிட்டாள். வளைவு இருந்தால் தள்ளாடும், நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். ஓடியவற்றின் கத்தி ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தாள். நல்ல கத்தி நகத்தைக் கவ்வும். மட்டமான கத்தி வழுக்கும். இரண்டு செட் மிஞ்சியது.

கடை ஓரத்தில் சாணைக்கல் இருந்தது. கடைக்காரருக்கு மனசில்லை. சரக்கைத் தேய்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தன் கதி என்னவென்று கேட்டார். "முதுகுலதான் தொடுறேன், வாயில தொடல" என்று சொல்லி, தண்டின் அடியை ஒரு நொடி கல்லில் வைத்தாள். ஒன்றிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பூப்பூவாய்ப் பொறி வெடித்தது. பார்க்க அழகு, ஆனால் அது சாதாரண எஃகு, சூடேறினால் முனை மழுங்கும். மற்றதிலிருந்து மங்கிய சிவப்பில் நாலே நாலு பொறி, அதுவும் சோம்பலாக விழுந்தது. அதைத்தான் அவள் தேடி வந்தாள்.

கடைசியாக வெட்டிப் பார்த்தாள். கடையிலிருந்த வைஸ் பிடியில் தன் பட்டையை இறுக்கி மாட்டி, எண்ணெய் விட்டு, கைப்பிடியைத் தானே பிடித்தாள். ஒரு செட்டுக்கு மூன்று டேப்: முதலாவது வழி போடும், இரண்டாவது ஆழமாக்கும், மூன்றாவது முடிக்கும். மூன்றும் கனமாகத்தான் திரும்பின. தோள்பட்டை இறுகியது. ஆனால் முரண்டு பிடிக்கவில்லை, கிறீச்சிடவில்லை. பள்ளத்தின் வழியே தடித்த சுருள் சுருளாக இரும்பு வெளியே வந்தது. போல்ட்டை விட்டுப் பார்த்தாள். ஆட்டமில்லாமல், இடறாமல் ஏறியது.

"மாப்பிள்ளை பாக்குறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"அதான் பல பேரு கஷ்டப்படுறாங்க" என்றாள் அவள்.

புது டேப் வந்த முதல் நாள் ஒன்றும் உடையவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அப்போது பட்டறையில் நடந்துகொண்டிருந்தது தூக்குக் கட்டை வேலை. ஆழமான கிணற்றுக் குழிகளில் இறக்குகிற தண்ணீர் மோட்டாரின் தலையில் அந்தக் கட்டையைப் பொருத்தி, அதன் மரைத் துளையில் வளையம் வைத்த போல்ட்டை முறுக்கி, வளையத்தில் சங்கிலி மாட்டி மோட்டாரைத் தூக்குவார்கள். கட்டை தடிமனானதில்லை; போல்ட் பிடிப்பதற்கு உள்ளே எட்டு மரைதான். மொத்தம் ஐம்பத்து நான்கு கட்டை. அவள் புருஷன் காலையில் நின்றால் மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு முடித்துவிடுவார். முன்பு நல்ல மணிக்கட்டோடு இருந்த காலத்தில்கூட எட்டுதான்.

கடைசல் மெஷினில் நிற்கிறவனுக்கு வானொலி என்று பெயர். காலையில் மெஷினோடு சேர்த்துத் தன் வாயையும் ஓடவிட்டால் சாயங்காலம்தான் இரண்டும் நிற்கும். அவன் எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க மரை வெட்டுறீங்களா, வெண்ணெய் வெட்டுறீங்களா?" என்றான். அவர் சிரித்ததாகப் பேர் பண்ணினார். பிறகு வானொலி ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, "அக்கா, என் தங்கச்சிக்கும் ஒரு மாப்பிள்ளைய இப்படி சாணைக்கல்லுல வச்சுப் பொறி பாத்து எடுத்துக் குடுக்கா" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். அவர் நிமிர்ந்து நிற்பதைக் கம்பிவலை வழியாகப் பார்க்கும்போது நெஞ்சு லேசாகியது. முதல் தவணை இருபத்து நான்கு கட்டையையும் அவளே அளந்தாள். மரை அளக்கிற கேஜில் ஒரு முனை உள்ளே போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது. எல்லாக் கட்டையிலும் போகவேண்டியது போயிற்று, போகக்கூடாதது நின்றது. வியாழக்கிழமை வண்டி ஏறிவிட்டது.

வீட்டில் மட்டும் ஏதோ சரியில்லை. பாரம் இறங்கிய மனிதர் கொஞ்சம் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முன்பைவிடக் குறைவாகப் பேசினார். டேப்பைப் பற்றி அவள் எடுத்தால் எழுந்து போய்க் கை கழுவினார்.

ஐம்பது துளைக்கு ஒரு தடவை டேப்பின் கத்தியைப் பார்த்து, தேய்மானத்தை நோட்டில் எழுதுவது அவள் வழக்கம். எட்டாம் நாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, அவர் பெஞ்சில் இல்லாத சமயம், செட்டை எடுத்துவந்து பூதக்கண்ணாடியில் பார்த்தாள். தேய்மானமே இல்லை. ஐம்பத்து நான்கு துளை வெட்டிய டேப் நேற்று வாங்கியதுபோல இருந்தது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்காரரிடம் சொல்லவேண்டும் என்றுகூட நினைத்தாள். பிறகுதான், எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும் வேலை செய்தால் தேயத்தானே வேண்டும் என்று தோன்றியது.

பெஞ்சுக்குத் திரும்பிப் போனாள். தட்டில் கிடந்த இரும்புச் சீவலை விரலால் கிளறினாள். கடையில் அவள் வெட்டியபோது வந்த சுருள் தடிப்பாக இருந்தது. இது தலைமுடிபோல மெல்லியதாக, உதிரி உதிரியாகக் கிடந்தது. ஒரு கட்டையை எடுத்துத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். மரையின் முகடு விரலைப் பிடிக்கவேண்டும். பிடிக்கவில்லை. மொட்டையாக இருந்தது, மழுங்கிய படிக்கட்டுபோல.

கேஜ் பொய் சொல்லவில்லை. அது மரையின் பள்ளத்தைத்தான் அளக்கும். முகடு எவ்வளவு உயரம் என்று கேட்காது. பள்ளம் வெட்டியது நல்ல டேப், அதனால் கேஜுக்குக் குறையில்லை. முகட்டின் உயரத்தை முடிவு செய்வது அதற்கு முன்னால் போடுகிற துளை. துளை பெரிதாகிவிட்டால் முகட்டில் சதை இருக்காது. டேப்புக்கும் வெட்ட ஒன்றும் இருக்காது. சோப்பில் இறங்குவதுபோல இறங்கும்.

ஸ்டோருக்கு வந்து பதினாலரை மில்லிமீட்டர் துளை போடுகிற டிரில்லை எடுத்தாள். அதன் வழவழப்பான அடிப்பக்கத்தைத் துளையின் வாயில் வைத்தாள். துளை பதினாலாக இருந்தால் வாயிலேயே நிற்கவேண்டும். நிற்கவில்லை; உள்ளே நழுவி மறுபக்கமாக மேஜையில் விழுந்தது. இன்னும் நான்கு கட்டையில் பார்த்தாள். நான்கிலும் விழுந்தது.

டிரில் மாட்டுகிற பலகையை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. பட்டறையில் கருவி எடுத்துப்போகிறவர் தன் பித்தளை வில்லையை அந்தக் கருவியின் ஆணியில் விட்டுப் போகவேண்டும். பதினைந்து மில்லிமீட்டர் டிரில்லின் ஆணியில் புருஷனின் வில்லை தொங்கியது. வேறு ஏதோ வேலைக்குத் துளை போட வேண்டும் என்று போன வாரம் கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் அவள்தான், வில்லையை வாங்கி மாட்டியதும் அவள்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் ஜன்னலுக்கு வந்தார். அவள் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். மேஜையில் கட்டையும் டிரில்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். மறைக்கப் பார்க்கவில்லை.

"எத்தனைங்க?"

"எல்லாம்."

"போன வியாழக்கிழமை போனது?"

"எல்லாந்தான்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இது நல்ல டேப்புங்க. பதினாலுலயே வெட்டியிருக்கும். நான் வெட்டிப் பாத்துத்தானே எடுத்தேன்."

"உன் கை வேற, என் கை வேற." அவர் வலது கையை மேஜையில் வைத்துவிட்டு, அது யாருடையதோபோலப் பார்த்தார். "மொத நாள் பதினாலுலதான் வச்சேன். பாதி இறங்குச்சு. கை நடுங்க ஆரம்பிச்சுது. அப்படியே திருப்பி வெளிய எடுத்துட்டேன்."

"உடைஞ்சா உடையட்டும்னு வெட்டியிருக்கலாம்ல?"

"முன்ன உடைஞ்சதுல என் பேருதான் போச்சு. அது போயிப் போயிப் பழகிருச்சு" என்றார். "இது நீ எடுத்துட்டு வந்தது. உடைஞ்சா நீ பதில் சொல்லணும்னு சித்தப்பா சொன்னாருல்ல."

மட்டமான டேப்பாக இருந்திருந்தால் அவர் இதைச் செய்திருக்க மாட்டார். நாலாவதாக ஒன்றை உடைத்துவிட்டு, வாங்கவேண்டியதைத் தன் பேரில் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் அவரைப் பதினைந்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

"கேஜ் ஏறுது. போல்ட்டும் ஏறுது" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "நாம சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது."

"சங்கிலி மாட்டித் தூக்குவாங்க. குழிக்குள்ள ஆளு நிக்கும்."

"தெரியும்" என்றார். "ஒரு வாரமா அதுதான் கண்ணு முன்னாடி நிக்குது."

முதலாளி அறைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். டேப் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்புறம் என்னம்மா?" என்றார், நிம்மதியாக. அவள் கட்டையை அவர் முன்னால் வைத்து, டிரில்லின் அடிப்பக்கத்தைத் துளையில் விட்டாள். அது மேஜைமேல் விழுந்த சத்தத்துக்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் அந்தப் பெஞ்சில் நின்று வந்தவர்தான்.

அண்ணன் மகனை அவர் அப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் போனை எடுத்தார். கட்டை போன இடத்தில் பேசி, எதையும் தூக்கவேண்டாம், தூக்கியிருந்தால் இறக்குங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கத்தில் விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். காத்திருக்கிற நேரத்தில், பெஞ்சில் இருக்கிற முப்பதும் தவறிக்கூட வெளியே போய்விடக்கூடாது, சிவப்பு அடித்துவிடு என்று அவளிடம் சொன்னார்.

அவள் பெயின்ட் டப்பாவைத் திறந்து இரண்டு கட்டைக்குக் குறுக்குக் கோடு போட்டாள். மூன்றாவதற்குப் போகும்போது புருஷன் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். மணிக்கட்டு வளையாததால் முழங்கையிலிருந்து இழுத்து இழுத்துக் கோடு போட்டார். சில கோடு நேராக விழவில்லை. விழாதவற்றுக்கு மேல் இன்னொன்று போட்டார். வானொலி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். எப்போதும்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனான்.

மூன்று மணி சுமாருக்குப் போன் வந்தது. இருபத்து நான்கில் பதினெட்டு பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. ஆறு மோட்டாரில் பொருத்தியிருந்தது. அதில் ஒன்றை முந்தைய நாள் தூக்கியிருக்கிறார்கள். தரையைவிட்டு இரண்டு முழம் எழும்பியதும் போல்ட் ஒரு மரை வெளியே வந்துவிட்டது. தூக்கிய ஆள் பார்த்து மெல்ல இறக்கிவிட்டிருக்கிறார். போல்ட்தான் கோளாறு என்று அதை மாற்றிவிட்டு, அன்று சாயங்காலம் மறுபடி தூக்குவதாக இருந்தார்களாம்.

முதலாளி போனை வைத்தார். பிறகு பெஞ்சுக்கு வந்தார். முப்பது சிவப்புக் கோடுகளையும் பார்த்தார்.

"டேப்பு ஒடிஞ்சா இரும்புதான்பா போகும்" என்றார். "நீ அதை ஒடிச்சிருக்கலாம்."

அண்ணன் மகன் ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"சாமானை ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வரவேண்டாம்."

வேலையைவிட்டுப் போகிறவர் கையிலிருக்கிற கருவி எல்லாவற்றையும் ஸ்டோரில் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிவாங்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டவேண்டும். யாராக இருந்தாலும் அதுதான் முறை. அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக நீட்டினார். அவள் இந்தப் பக்கம் வாங்கினாள். டேப் கைப்பிடி. அரம் இரண்டு. மூலைமட்டம். எண்ணெய்க் குப்பி. பதினைந்து மில்லிமீட்டர் டிரில் ஒன்று. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, பெயர் எழுதி, எதிரே நிலை எழுதினாள். அவருக்காக அவசரமாகவும் எழுதவில்லை, அவருக்காக நிதானமாகவும் எழுதவில்லை.

கடைசியாக டேப் செட். மூன்றையும் பழைய துணியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். அவள் முதலாவதின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். கவ்வியது. இரண்டாவதும் கவ்வியது. மூன்றாவதும்.

'நன்று' என்று எழுதினாள்.

அவர் பின்னால் வானொலி ஒரு கட்டிங் டூல் மாற்றுவதற்காகத் தன் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவசரமில்லை என்று கையால் காட்டினான். பெஞ்சுக்கு நாளைக்கு ஆள் தேடுகிற பேச்சு முதலாளி அறையிலிருந்து கேட்டது. புது ஆளுக்கு இதே செட்டைத்தான் அவள் எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கும்.

தாளைத் திருப்பிக் கம்பிவலைக்கு அடியில் தள்ளினாள். அவர் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கையெழுத்துப் போட்டார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

"சைக்கிளை விட்டுட்டுப் போறேன்" என்றார். "நீ எடுத்துட்டு வந்துரு. நான் நடந்து போறேன்."

"சரிங்க" என்றாள்.

அவர் வாசல் வரை போவதைப் பார்த்தாள். பிறகு வானொலியின் வில்லையை வாங்கி ஆணியில் மாட்டினாள். வேலை நேரம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.